ஐம்பது நாள்னு சொன்னீங்களே, எந்த நாளில் இருந்து? கார்டு விற்கும் வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று இந்தப் பக்கமெல்லாம் கிளை வைத்து கிரெடிட் கார்டு கொடுக்கிற வங்கிகளின் மேலாளர்களுக்கும், கார்டு பிரிவைப் பார்க்கிற அதிகாரிகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். மாதக் கடைசியில் முதலாளிகள் மேசையில் கொண்டுவந்து போடுகிற காகிதக் கட்டில் நூல் பில், கரண்ட் பில், சாயப்பட்டறை பில் எல்லாவற்றோடும் இப்போது கார்டு ஸ்டேட்மென்டும் சேர்ந்து வருகிறது. அதை நீட்டும்போது கேள்வியும் கூடவே வரும்: "ஏனுங்க, நான் டியூ தேதிக்குள்ள கட்டிட்டனே, இது எதுக்கு வட்டி போட்டிருக்கறாங்க?"

கார்டே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு அதைவிட மலிவான கடன் கிடையாது, ஒரு மாதத்துக்கு மேல் ஒரு பைசா வட்டியில்லாமல் யார் கொடுப்பார்கள்? என் சண்டை வேறு. மாலிலும் பெட்ரோல் பங்கிலும் தீபாவளி நோம்பி நேரத்தில் ஜவுளிக்கடை வாசலிலும் மேசை போட்டு உங்கள் பையன்கள் கார்டு விற்கிறார்களே, அவர்கள் சொல்கிற ஒரே வாசகம் "அம்பது நாள் வட்டியே இல்லீங்ணா". அந்த ஐம்பது எந்தத் தேதியில் இருந்து ஓடுகிறது, எப்போது நின்றுபோகும் என்று அவர்கள் சொல்வதில்லை. பாவம், பல பேருக்கு அதை நீங்களே சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இது ஏன் எங்கள் ஊரில் பெரிய விஷயம் என்றால், இங்கே கடன் நாள் எண்ணுவது பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். நூல் வாங்கினால் அந்த பில் தேதியில் இருந்து முப்பது நாள், அல்லது நாற்பத்தைந்து நாள், பேசினபடி. மறுநாள் இன்னொரு லோடு எடுத்தால் அதற்குத் தனி நாள் கணக்கு. ஒவ்வொரு பில்லும் தன் காலில் நிற்கும். 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு வந்தபோது, சிறு, குறு நிறுவனத்திடம் எடுத்த சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், அதற்குள் பணம் போகாவிட்டால் பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று ஆனதும், ஈரோட்டு ஜவுளிக்காரரும் திருப்பூர்க்காரரும் காலண்டரும் கையுமாகத்தான் இருந்தார்கள். அப்படி நாள் எண்ணிப் பழகினவரிடம் போய் ஐம்பது நாள் என்று சொன்னால் அவர் என்ன எண்ணுவார்? தேய்த்த நாளில் இருந்து ஐம்பது என்றுதான் எண்ணுவார்.

கார்டில் நடப்பது அது கிடையாது. உதாரணத்துக்கு ஒரு கார்டின் பில் தேதி மாதா மாதம் 12, பில் போட்ட பிறகு கட்டுவதற்கு 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 13 முதல் ஏப்ரல் 12 வரை தேய்த்ததெல்லாம் ஒரே பில், அதைக் கட்டக் கடைசி நாள் மே 2. மார்ச் 13 அன்று வாங்கியவருக்கு முழுசாக ஐம்பது நாள் கிடைக்கும். ஏப்ரல் 12 அன்று வாங்கியவருக்குக் கிடைப்பது இருபதே நாள். அதே ஆள் ஒரு ராத்திரி பொறுத்து 13-ஆம் தேதி வாங்கியிருந்தால் அது மே 12 பில்லில் போய் விழுந்து, ஜூன் 1 வரை 49 நாள் கிடைத்திருக்கும். ஒரு நாள் வித்தியாசத்தில் 29 நாள் போகிறது. (தேய்த்த நாளும் கணக்கில் ஏறுகிற நாளும் சில சமயம் ஒன்றாக இருக்காது, அதனால் பில் தேதியை ஒட்டி வாங்குகிறவர் இரண்டு நாள் தள்ளியே வாங்குவது நல்லது.) ஓவர்லாக் மெஷின் வாங்குகிறவர் பில் தேதி தெரிந்து வாங்கினால் ஒரு மாத மூச்சு கிடைக்கும். இதைச் சொல்லிக் கொடுத்தால் உங்களுக்கு ஒன்றும் குறையாது, ஆனாலும் சொல்வதில்லை.

அப்புறம் டியூ தேதியே மாதா மாதம் கொஞ்சம் நகரும். மேலே சொன்ன கார்டில் ஏப்ரல் பில்லுக்கு மே 2, மே பில்லுக்கு ஜூன் 1, பிப்ரவரி பில்லுக்கு மார்ச் 4. எல்லா மாதமும் நாலாம் தேதி என்று மனசில் பதிந்துவிட்டால் ஜூன் மாதம் மாட்டிக்கொள்வார். தேதியை நிலையாக வைத்திருக்கிற வங்கிகளும் உண்டு, நல்லது.

இப்போது நிஜமான வலிக்கு வருகிறேன். மேலே சொன்ன அதே கார்டு. ஒருத்தர் ஏப்ரல் 5 அன்று 60,000 ரூபாய்க்குத் தேய்த்தார். மே 2 அன்று கையில் இருந்த 55,000 ரூபாயைக் கட்டிவிட்டார், மீதி ஐயாயிரம் அடுத்த மாதம் கொடுத்துக்கொள்ளலாம் என்று. வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம். எங்கள் ஊர்க் கணக்கில் மூன்றரை பைசா வட்டி. அவர் மனக்கணக்குப்படி ஐயாயிரத்துக்கு ஒரு மாத வட்டி 175 ரூபாய், போனால் போகிறது. அடுத்த பில்லில் வருவது என்ன தெரியுமா? அறுபதாயிரத்துக்கு ஏப்ரல் 5 முதல் மே 2 வரை 27 நாள் வட்டி சுமார் 1,864 ரூபாய். மீதி ஐயாயிரத்துக்கு மே 2 முதல் மே 12 வரை சுமார் 58 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,922 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 346. மொத்தம் 2,268 ரூபாய். பாக்கி வைத்தது ஐயாயிரம், அதற்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வட்டி! இது ஏதோ ஒரு வங்கியின் தில்லுமுல்லு என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலான வங்கிகள் கார்டோடு கொடுக்கிற விதித்தாளில் உதாரணமாகப் போட்டிருக்கிற கணக்கு முறையே இதுதான். முழுப் பணம் வராவிட்டால் சலுகை நாள் மொத்தமும் கழன்றுவிடும், வட்டி தேய்த்த நாளுக்கே பின்னோக்கிப் போய்விடும்.

நூல் கடையில் இப்படி ஒரு கணக்கை யாராவது நீட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அறுபதாயிரத்துக்கு நூல் எடுத்து தவணைக்குள் ஐம்பத்தைந்து கொடுத்துவிட்ட பார்ட்டியிடம், கொடுத்த ஐம்பத்தைந்துக்கும் சேர்த்து முதல் நாளில் இருந்து வட்டி கேட்டால் அந்தக் கடைக்கு மறுபடி ஆள் வராது.

அதோடு முடியவில்லை. பாக்கி நிற்கிற காலத்தில் புதிதாக எது வாங்கினாலும் அதற்கு ஒரு நாள்கூட சலுகை இல்லை. மே 5 அன்று தையல் நூல் வாங்க 20,000 ரூபாய்க்குத் தேய்த்தால் மே 5-லேயே வட்டி ஓட ஆரம்பிக்கும். கார்டு எடுத்தவர் ஐம்பது நாள் இன்னும் இருக்கிறது என்று நம்பி தாராளமாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். முந்தின பில்லில் பாக்கி இருந்தால் வட்டியில்லாக் காலம் போய்விடும் என்பதை விதித்தாளில் தனியாகச் சொல்ல வேண்டும், உதாரணக் கணக்கும் போட்டு கார்டோடு வருகிற உறையில் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கார்டு வழிமுறைகளிலேயே சொல்லிவிட்டது. வைக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. எறும்பு எழுத்தில், பல பக்க ஆங்கிலத்துக்கு நடுவில்.

இன்னொரு கூத்தும் உண்டு. சூடு பட்டவர் அடுத்த மாதம் முழு பில்லையும் டியூ தேதியில் கட்டிவிடுகிறார். விட்டது தொல்லை என்று நிம்மதியாக இருந்தால் அதற்கடுத்த பில்லிலும் ஒரு வட்டி வரி இருக்கும். பில் போட்ட நாளுக்கும் அவர் பணம் கட்டின நாளுக்கும் நடுவில் ஓடின வட்டி அது, அந்த பில்லில் ஏற முடியாமல் அடுத்ததில் ஏறுகிறது. கணக்குப்படி சரிதான். ஆனால் என்னிடம் வருகிற கேள்விகளில் அதிகக் கோபத்தோடு வருவது இதுதான். "முழுசாக் கட்டினாலும் உடமாட்டாங்க போல" என்பார்கள். போன் செய்து கேட்டால் உங்கள் கால் சென்டர் தம்பி "சிஸ்டம் ஜெனரேட்டட் சார்" என்கிறார். சிஸ்டம் எதைக் கூட்டியது என்று சொல்லத்தானே உங்களுக்கு போன் போடுகிறோம்?

மினிமம் டியூ, அதாவது குறைந்தது இவ்வளவாவது கட்டு என்று பில்லில் போடுகிற தொகை, பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு லட்சம் பாக்கி, மினிமம் 5 சதவீதம் என்று வைத்திருக்கிற கார்டில் 5,000 கட்டினால் அதில் வட்டிக்கு 3,500, வட்டி மேல் ஜிஎஸ்டிக்கு 630. அசலில் கழிவது 870 ரூபாய். பில்லில் மட்டும் அந்த 5,000-த்தைப் பெரிய எழுத்தில், கட்ட வேண்டிய தொகைக்குப் பக்கத்திலேயே போடுகிறீர்கள், இதைக் கட்டினால் போதும் என்பது மாதிரி. குறைந்தபட்சம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் வருஷக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையையும் பில்லில் போடச் சொல்லியிருக்கிறது ரிசர்வ் வங்கி. அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

வட்டி வீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக மாதம் மூன்றரை என்று வருஷத்துக்கு 42 சதவீதம் வாங்குவது உங்கள் உரிமை, அதில் நான் வாதாட ஒன்றுமில்லை. தெருவில் ஒருத்தர் இதே வீதத்துக்குக் கொடுத்தால் 2003-ல் தமிழ்நாடு கொண்டுவந்த கந்து வட்டித் தடைச் சட்டத்தைக் காட்டி அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்கலாம் என்பது வேறு கதை. அந்தப் பைனான்ஸ்காரரிடம் ஒரு நல்ல குணம் உண்டு, வட்டி எந்த நாளில் தொடங்குகிறது என்று பணம் எண்ணும்போதே மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவார்.

சனிக்கிழமை விஷயமும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் வாரக்கூலி, சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டே ஆக வேண்டும். பார்ட்டி பணம் வரவில்லை என்றால் சின்ன யூனிட்காரர் கார்டைக் கொண்டுபோய் ஏடிஎம்மில் சொருகி நாற்பதாயிரம் எடுத்துவிடுகிறார், அம்பது நாள்தான் இருக்கிறதே என்று. ரொக்கமாக எடுத்தால் அந்தச் சலுகை ஒரு நாளுக்குக்கூடக் கிடையாது. எடுத்த நிமிஷத்தில் இருந்து வட்டி, அதற்கு மேல் எடுப்புக் கட்டணம் வேறு. கட்டணம் 2.5 சதவீதம் என்றால் ஆயிரம் ரூபாய், 30 நாள் வட்டி சுமார் 1,381, இரண்டுக்கும் ஜிஎஸ்டி. ஒரு மாதத்துக்கு நாற்பதாயிரத்துக்கு 2,800 ரூபாய்க்கு மேல் போகிறது. ஏழு பைசா வட்டி! பக்கத்துத் தெருவில் நகையை வைத்திருந்தால் இதில் கால்வாசிகூட ஆகியிருக்காது. ஏடிஎம் திரையில் "இதற்கு இன்றிலிருந்தே வட்டி" என்று தமிழில் ஒரு வரி போட என்ன செலவாகும்?

அடுத்தது மூன்று நாள் குழப்பம். டியூ தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் லேட் ஃபீஸ் போடலாம், அதற்கு அப்புறம்தான் கடன் வரலாறு வைத்திருக்கிற சிபில் மாதிரியான இடங்களுக்கு பாக்கிக்காரர் என்று தெரிவிக்கலாம் என்பது விதி. லேட் ஃபீஸும் டியூ தேதிக்குப் பிறகு நிற்கிற பாக்கித் தொகையை வைத்துத்தான், மொத்த பில்லை வைத்துப் போடக்கூடாது. நல்ல விதி. ஆனால் இதை வாட்ஸப்பில் படித்தவர்கள் மூன்று நாள் வட்டியும் கிடையாது என்று எடுத்துக்கொண்டார்கள். வட்டிக்கு அந்தச் சலுகை இருப்பதாக விதியில் எங்கேயும் இல்லை. இரண்டு நாள் தாமதமாகக் கட்டினவருக்கு லேட் ஃபீஸ் வராது, ஆனால் வட்டி தேய்த்த நாளில் இருந்து வந்து நிற்கலாம். இதற்கும் பதில் சொல்வது நீங்கள் இல்லை, என்னைப் போல ஒரு கணக்குப்பிள்ளைதான்.

செக் போடுகிற பெரியவர்களையும் மறந்துவிடாதீர்கள். கோபியிலும் காங்கேயத்திலும் டியூ தேதி அன்று காலையில் பெட்டியில் செக் போட்டுவிட்டு, கட்டியாச்சு என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கார்டுக் கணக்கில் ஏறின நாள்தான் கட்டின நாள் என்று அந்தப் பெட்டி மேல் எழுதி ஒட்டலாமே? வங்கிக்கு வங்கி பணம் அனுப்புகிற நெஃப்ட் 2019 டிசம்பரில் இருந்து ராத்திரி, பகல், ஞாயிறு, பொங்கல் என்று எல்லா நாளும் ஓடுகிறது, அதையும் சேர்த்து எழுதினால் பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

இனி நீங்கள் சுலபமாகச் செய்யக்கூடியதும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருப்பதுமான ஒரு விஷயம். கார்டு வைத்திருப்பவர் தன் பில் சுழற்சியை ஒரு தடவையாவது தன் வசதிக்கு மாற்றிக்கொள்ள நீங்கள் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கம்பெனிச் சம்பளம் ஏழாம் தேதி வருகிறவருக்கு இரண்டாம் தேதி டியூ வைத்துக் கொடுத்தால் அவர் எப்படிக் கட்டுவார்? மாதா மாதம் ஐந்து நாள் கைமாற்று வாங்கித்தான் கட்டுவார், இல்லாவிட்டால் மினிமம் கட்டிவிட்டு மேலே சொன்ன பள்ளத்தில் விழுவார். பில் தேதியை 12-இல் இருந்து 22-க்கு மாற்றினால் டியூ பத்து நாள் தள்ளிப்போய் சம்பளத்துக்குப் பின்னால் வந்துவிடும், பிரச்சினையே முடிந்தது. ஒரு கிளையில் என் பார்ட்டி ஒருவருக்காக இதைக் கேட்டபோது, அப்படி ஒரு வசதியே இல்லை என்று கவுன்டரில் சொன்னார்கள். விதியை எடுத்துக் காட்டின பிறகு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, ஆப்பிலேயே மாற்றலாம் என்றார்கள். கார்டு கொடுக்கும்போதே "உங்களுக்குச் சம்பளம் எந்தத் தேதிங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதுமே. மஞ்சள் போட்டவரிடமும் தேங்காய் போடுகிறவரிடமும் மண்டிப் பணம் எப்போது வரும் என்று பயிர்க்கடன் கொடுக்கும்போது கேட்கத் தெரிகிறது இல்லையா?

சரி, என்ன வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். விதிகளை எளிய மொழியில், கூடுமானவரை ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழி மூன்றிலும் தர வேண்டும் என்று அந்த 2022 வழிமுறைகளிலேயே சொல்லியிருந்தது. அந்தக் "கூடுமானவரை"யில்தான் நீங்கள் எல்லோரும் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள். ஒருத்தருக்குக் கடன் கொடுக்கிற தமிழ் உங்களுக்குத் தெரியும், வசூலுக்குக் கூப்பிடுகிற தமிழ் இன்னும் நன்றாகத் தெரியும், நடுவில் இருக்கிற விதிக்கு மட்டும் தமிழ் கூடவில்லையா? ஸ்டேட்மென்டின் முதல் பக்கத்தில், மொத்தத் தொகைக்கு நேர் கீழே, தமிழில் இரண்டு வரி போதும்: இந்தத் தொகை முழுவதும் இந்தத் தேதிக்குள் வராவிட்டால் வாங்கிய நாளில் இருந்து வட்டி, பாக்கி தீரும் வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. டியூ தேதிக்கு முன்னால் வருகிற எஸ்எம்எஸ்ஸிலும் மினிமம் தொகையை மட்டும் அழுத்திச் சொல்லாமல் இதையும் ஒரு வரி சேருங்கள். மேசை போட்டு விற்கிற பையனுக்கு இலக்கு வைக்கும்போது கையில் ஒரு சின்ன அட்டை கொடுங்கள், பில் தேதிக்கு மறுநாள் வாங்கினால் எத்தனை நாள், பில் தேதி அன்றே வாங்கினால் எத்தனை நாள் என்று போட்டது. அவனும் ஒழுங்காக விற்பான். உங்களிடம் கொடுத்த புகாருக்கு முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் 14448-ல் வழி கேட்டுக்கொண்டு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பதை நான் என் பார்ட்டிகளுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன், அதை நீங்களே பில்லில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டால் இன்னும் மரியாதையாக இருக்கும்.

விதித்தாளைத் தமிழில் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருக்கிற கிளை ஏதாவது இருந்தால் சொல்லுங்க. ஒரு கட்டு நானே வந்து வாங்கிக்கொண்டு போய், கணக்குப் பார்க்கிற கம்பெனி எல்லாவற்றிலும் கொடுத்துவிடுகிறேன்.